குறியும் தூரமும்

"காலில் சுட்டுப் பிடித்தனர்" என்னும் தலைப்புடைய செய்திகளை நம் தமிழ்ப் பத்திரிகைகளில் அடிக்கடி காண்கின்றோம். தப்பியோட முயன்ற ஒருவனைக் காவலர் கைத்துப்பாக்கியால் முழங்காலுக்குக் கீழே சுட்டார்; அவன் வீழ்ந்தான்; மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டான்; இவ்வளவே செய்தி. படிப்போரும், "கால்தானே, உயிர் தப்பிற்று" என்று மனம் ஆறி, தாளைத் திருப்பிவிடுகின்றனர். சுட்டவர்க்கும் சுடப்பட்டவனுக்கும் இடையே எத்தனை அடி தூரம் இருந்தது என்பதை எழுதுவாரும் இலர், கேட்பாரும் இலர். அத்தூரத்தை முதற்கண் கேட்டறிதல் வேண்டும் என்பதும், அதனை அறியாமல் "கால்தானே" என்று ஆறுதல் கொள்வது பேதைமை என்பதும் என் அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களை நம் கலாசாலை நண்பர்கள்முன் வைக்கவே இதனை எழுதப் புகுந்தேன்.

யான் நரிக்குடிப் பக்கத்து வானம் பார்த்த பூமியிற் பிறந்தவன். கண்மாய் வற்றிய கோடையில் எம்போன்ற சிறுவர்க்கு வேலை வேறு யாது? கருவேல மரத்து ஓணான்மேற் கல்லெறிதலே. (அப்பாவத்தை இங்கு ஒப்புக்கொள்ளுகிறேன்.) பத்தடித் தூரத்தில் தவறாத என் கை, முப்பதடித் தூரத்தில் மூன்றுக்கு இரண்டு தவறும். கை அதே கை. கல்லும் அதே கல். ஓணானும் பெரும்பாலும் அசைவதில்லை. பின் தவறுவானேன்? கல் தூரம் செல்லச் செல்லச் சோர்ந்து கீழே தாழ்கிறது என்பதே அக்காலத்து எங்கள் சித்தாந்தம். அது முழு உண்மையன்று என்பதைக் கலாசாலையிற் பௌதிகம் கற்ற பின்னரே அறிந்தேன். கையை விட்டுக் கல் புறப்படும்போதே திசை அணுவளவு கோணியிருக்குமாயின், அக்கோணல் பத்தடியில் ஓர் அங்குலமாகவும், முப்பதடியில் மூன்று அங்குலமாகவும் விரியும். பிழை கல்லினதன்று, கையினது. தூரம் செய்வதெல்லாம், முன்னரே உள்ள பிழையைப் பெருக்கிக் காட்டுதலே.

கைத்துப்பாக்கியின் விஷயமும் இதுவே. அதன் குழல்மேல் முன்னே ஒரு சிறு கூரும், பின்னே ஒரு பள்ளமும் உண்டு. பள்ளத்தின் நடுவே கூர் நிற்குமாறு வைத்துக் குறி பார்த்தல் வேண்டும். நீண்ட துப்பாக்கியில் இவ்விரண்டிற்கும் இடையே முழ அளவோ அதற்கு மேலோ இடைவெளி உண்டு. தோளும் கன்னமும் அதனைத் தாங்கும். கைத்துப்பாக்கியிலோ இடைவெளி ஒரு சாணுக்கும் குறைவு. தாங்குவது நீட்டிய கை ஒன்றே. இடைவெளி 160 மில்லிமீட்டர் உடைய ஒரு துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். முன்கூர் நடுவினின்றும் ஒரே ஒரு மில்லிமீட்டர், அதாவது ஒரு குண்டூசியின் பருமன் அளவே, விலகிற்றென்று வைத்துக்கொள்க. பத்து மீட்டர் தூரத்தில் ரவை குறிக்கு ஆறேகால் சென்டிமீட்டர் விலகிப்போய்த் தைக்கும். 25 மீட்டரில் பதினைந்தரைச் சென்டிமீட்டர்க்குச் சிறிது மேல் விலகும். 50 மீட்டரில் 31 சென்டிமீட்டர் விலகும். மனிதனுடைய கணைக்காலின் அகலம் பன்னிரண்டு சென்டிமீட்டர் இருக்குமாயின் அதுவே அதிகம். ஆகவே, 25 மீட்டரில் ஒருவனுடைய கணைக்காலின் நடுவை நோக்கிச் சுடுவோன், முன்கூரை அரை மில்லிமீட்டர்க்கும் குறைவான பிழையோடு நிறுத்தினாலன்றி, ரவை காலைத் தொடாமலே போய்விடும். அதுவும் கால் அசையாது நிற்குமாயின்!

ரவை தாழ்வதும் உண்மையே. ஆயினும் அதன் பங்கு சிறிது. இதைக் கணக்கிட்டுப் பார்த்தல் மாணவர்க்கு இன்பம் தரும். ஒன்பது மில்லிமீட்டர் ரவை நொடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகத்திற் புறப்படுகிறது. 25 மீட்டரைக் கடக்க அதற்கு ஏறக்குறைய நூற்றில் ஏழு பங்கு நொடி போதும். அவ்வளவு நேரத்தில் எப்பொருளும் புவியீர்ப்பால் இரண்டரைச் சென்டிமீட்டரே வீழும். குறி பார்க்கும் கூர் குழலுக்குச் சற்று மேலே அமைந்திருத்தலால், குழலைச் சிறிது அண்ணாந்த நிலையில் அமைத்து, 25 மீட்டரில் நோக்கும் ரவையும் ஒன்றுகூடுமாறு செய்வர். அவ்வாறு அமைந்த துப்பாக்கியில் மூன்று மீட்டர் தூரத்திற் சுட்டால் ரவை குறிக்கு ஒரு சென்டிமீட்டர்க்குச் சற்று மேலாகக் கீழே தைக்கும்; பத்து மீட்டரில் அரைச் சென்டிமீட்டர் கீழே; 25-இல் குறியிலேயே; 50 மீட்டரில் மூன்றரைச் சென்டிமீட்டர் கீழே. கிட்டத்திற் சுடும்போதும் ரவை கீழே தைப்பதைக் கண்டு புதியவர் திகைப்பர். கண் குழலுக்கு மேலிருந்து பார்ப்பதே அதற்குக் காரணம். ஆக, 50 மீட்டரிலும் ஈர்ப்பு செய்யும் பிழை மூன்றரைச் சென்டிமீட்டர். குண்டூசிப் பருமனுள்ள கைப்பிழை செய்வதோ 31 சென்டிமீட்டர். எது பெரிதென்று சொல்ல வேண்டுவதில்லை.

இன்னொரு வியப்பும் உண்டு. கனத்த ரவை தாழ்ந்தே தைக்கும் என்று நாம் எண்ணுவோம். கைத்துப்பாக்கியில் அது பெரும்பாலும் உயர்ந்தே தைக்கிறது. வெடித்தவுடன் துப்பாக்கி பின்னுதைத்து முனை மேலெழும்புகிறது. மெதுவாய்ச் செல்லும் கனத்த ரவை குழலுக்குள் சிறிது அதிக நேரம் தங்குவதால், முனை எழும்பிய பின்னரே வெளிப்படுகிறது. ஆதலின், தோட்டாவை மாற்றினவர் தம் குறியையும் மறுபடி சோதித்துக்கொள்ளல் வேண்டும்.

மதுரைச் சீமையில் ஒரு துப்பாக்கிச் சங்கத்தில் யான் சிறிது காலம் பழகியதுண்டு. தேசிய மாணவர் படையில் நீண்ட துப்பாக்கியைப் படுத்துக்கொண்டு சுட்டுப் பாராட்டுப் பெற்ற செருக்கோடு அங்கே சென்றேன். முதல் நாளில் பத்து மீட்டரில் என் ஐந்து ரவைகளும் ஒரு உள்ளங்கையில் அடங்கின. மறுவாரம் தாளை 25 மீட்டருக்குத் தள்ளி வைத்தார்கள். ஐந்து துளைகளையும் மூட ஒரு சொளகு வேண்டியிருந்தது. அவற்றுள் ஒன்று தாளிலேயே இல்லை. பயிற்றுவித்த பெரியவர் சிரிக்கவில்லை. "விசையைப் பிடுங்குகிறீர் தம்பி, வெடிக்கப் போகிறதென்று உம் கை முன்னமே அஞ்சுகிறது. வலக்கைக்காரர் அஞ்சினால் ரவை கீழே இடப்புறம் போகும்" என்றார். துளைகள் அவ்விடத்திலேதான் இருந்தன. பத்து மீட்டரிலும் அவ்வச்சம் என்னிடம் இருந்ததே. தூரம் குறைவாயிருந்தமையால் அது மறைந்திருந்தது. ஓணான் கதையே மறுபடியும்!

உலகப் போட்டிகளை அமைத்தோர் இந்த உண்மையை நன்கு உணர்ந்தவர். பத்து மீட்டர்க் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் நடுவட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டரே, 50 மீட்டர்ப் போட்டியில் அது 50 மில்லிமீட்டர். தூரம் ஐந்து மடங்கு. வட்டம் நான்கு மடங்குக்குச் சற்று மேல். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவினவாய்த் தோன்றும். 2024-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து ஒலிம்பிக் பந்தயத்தில் நம் நாட்டு மனு பாக்கர் பத்து மீட்டர்ப் போட்டியில் வெண்கலம் வென்றபோது, "பத்து மீட்டர்தானே" என்று கூறிய நண்பர் ஒருவரை அறிவேன். ஒரு சட்டைப் பித்தானளவு வட்டத்தை ஒரே கையை நீட்டி, முப்பதடிக்கு அப்பாலிருந்து, அறுபது முறை நோக்கிப் பார்த்துவிட்டு அவர் அவ்வாறு கூறட்டும். 50 மீட்டர்க் கைத்துப்பாக்கிப் போட்டியோ 2016-ஆம் ஆண்டு ரியோ பந்தயத்தோடு ஒலிம்பிக்கினின்று நீக்கப்பட்டது. 2014-இல் இஞ்சியான் ஆசியப் பந்தயத்தில் ஜிது ராய் பொன் வென்றது அந்தத் தூரத்திலேதான். இவர்களெல்லாம் பல்லாண்டு பழகியோர். இவர்கள் நிற்குமிடம் நிழலானது, தரை சமமானது, தாள் ஓடுவதில்லை, திருப்பி வெட்ட வருவதுமில்லை.

நிற்க. காலைக் குறிவைத்து வீழ்த்தும் கலையில் எங்கள் சீமைக்கு ஒரு பழம்பெருமை உண்டு. அதனை ஈண்டுக் கூறாதொழிந்தால் நரிக்குடியான் என்னை மன்னியான். மருது சகோதரர் பிறந்த முக்குளம் எங்களூர்ப் பக்கத்தது. அவர்கள் பெயரால் வழங்கும் சத்திரம் நரிக்குடியில் உண்டு. அவர்களுடைய படைக்கலங்களுட் பேர்பெற்றது வளரி. பிறைபோல் வளைந்து, ஒரு தலை பருத்தும் மறு தலை மெலிந்தும், மரத்தாலோ இரும்பாலோ தந்தத்தாலோ செய்யப்பட்ட எறிதடி அது. தஞ்சை அரண்மனைப் படைக்கொட்டிலினின்று வந்த தந்த வளரியைச் சென்னை அரும்பொருட்சாலை காத்து வந்துள்ளது. மெலிந்த தலையைப் பற்றிச் சுழற்றி எறிந்தால், தரைக்குச் சமமாகச் சக்கரம்போற் சுழன்று சென்று, ஓடும் முயலின் காலையும் மானின் காலையும் கள்வன் காலையும் முறிக்கும். ஆங்கிலேயப் படைத்தலைவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்பார், தமக்கு வேல் எறியவும் வளரி வீசவும் கற்றுத் தந்தவர் சின்ன மருதுவே என்றும், நூறு கஜத்துக்கு உட்பட்ட எத்தூரத்திலும் அதனைத் தவறாது எறியக்கூடும் என்றும் 1830-இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். தமக்கு ஆசானாயிருந்த அவரையே எதிர்த்து 1801-இல் வெல்ஷ் போர் புரிய நேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 24-ஆம் நாள் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அதனை வெல்ஷ் வருத்தத்தோடேயே நினைவுகூர்கிறார்.

நூறு கஜத்தில் ஒரு தடி தவறாது என்றால், அதனினும் பன்மடங்கு வேகமுள்ள கைத்துப்பாக்கி கால்வாசித் தூரத்தில் ஏன் தவற வேண்டும்? இவ்வினாவே என்னைப் பல நாள் அலைக்கழித்தது. வெல்ஷ் சிறிது மிகைபடக் கூறினார் என்று கொண்டாலும் வினா வினாவே. விடை மிக எளிது. வளரி ஏறக்குறைய ஒன்றரை அடி முதல் இரண்டடி நீளம் உடையது. அது சுழன்று செல்லும்போது அவ்வளவு அகலத்தையும் வாரிக்கொண்டே செல்லும். ஒரு முழத்துக்கு மேல் அகலமுள்ள தட்டு ஒன்று முழங்காலளவு உயரத்திற் பறந்து செல்கிறது என்று கொள்க. எறிந்தவன் கை ஒரு சாண் பிசகினும், இரண்டு கால்களுள் ஒன்றாவது அதன் வாயில் அகப்படும். ரவையோ ஒன்பது மில்லிமீட்டர் அகலமே உடையது. கைப்பிழையைப் பொறுத்துக்கொள்ளும் பெருந்தன்மை அதனிடம் இல்லை. மேலும், வளரி தவறினால் சிறிது தூரம் சென்று புழுதியில் வீழும். ரவை தவறினால், அப்பால் நிற்கும் தேநீர்க்கடைக்காரனுக்கும் பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கும் அதே ரவைதான். கைத்துப்பாக்கியின் குறி தவறுகின்ற தூரம் வேறு. அது கொல்லுகின்ற தூரம் வேறு. பின்னையது முன்னையதினும் மிகப் பெரிது. காலைக் குறிவைப்பதென்பது வளரிக்கு இயல்பு. அவ்வியல்பைத் துப்பாக்கிக்கு ஏற்றிச் சொல்லுகிறோம் நாம்.

கைத்துப்பாக்கியால் நம் நாட்டில் நிகழ்ந்த பேர்பெற்ற செயல்களை எண்ணிப்பார்த்தால், அவையெல்லாம் மிக அருகில் நிகழ்ந்தவையே என்பது புலனாகும். 1911-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன், திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் துரையை முதல் வகுப்புப் பெட்டியிலே சுட்டான். பின்னர்த் தன்னையும் சுட்டுக்கொண்டு மாண்டான். அவன் கையிலிருந்தது பெல்ஜிய நாட்டுப் பிரௌனிங் கைத்துப்பாக்கி. புதுச்சேரியில் வ. வே. சு. ஐயரிடம் அவன் சுடும் பயிற்சி பெற்றதாகவும் கூறுவர். பயிற்சி பெற்றவனாயினும் பெட்டிக்குள் ஏறிச் சில அடி தூரத்திலிருந்தே சுட்டான் என்பது கவனிக்கத்தக்கது. அச்செயலின் நன்மை தீமை பற்றிய வாதம் ஈண்டு நமக்கு வேண்டுவதில்லை.

மற்றொன்று, அருகிற் சுட்டும் உயிர் போகாத கதை. 1967-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் இராமாவரம் தோட்டத்தில், உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த எம். ஜி. இராமச்சந்திரனை நடிகவேள் எம். ஆர். இராதா சுட்டார், உடனே தம்மையும் சுட்டுக்கொண்டார். அறைக்குள்ளே, எட்டினால் தொடும் அளவில் நிகழ்ந்தது, இருவரும் பிழைத்தனர். கழுத்திற் பாய்ந்த ரவையால் எம். ஜி. ஆரின் குரல் கெட்டது. அடுத்த மாதமே அவர் மருத்துவமனையிலிருந்தவாறே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். பத்தாண்டு கழித்து 1977-இல் அவரைச் சட்டசபைக்கு அனுப்பி முதன் மந்திரியாக்கிய தொகுதி எங்கள் அருப்புக்கோட்டையே. அக்கெட்ட குரலை மேடையருகில் நின்று கேட்டவர்கள் எங்களூரில் இன்னும் உளர். எட்டித் தொடும் தூரத்திலும், கழுத்தில் ரவை எவ்வழிச் சென்றது என்பதே வாழ்வையும் சாவையும் தீர்மானித்தது. அவ்வழியைத் தீர்மானிக்கச் சுட்டவராலும் இயலாது. அருகிலேயே இவ்வாறாயின் எண்பதடிக்கு அப்பால் ஓடுகின்றவன் விஷயத்திற் சொல்ல யாது உளது?

காலில் தைத்தால் உயிர்க்கு அபாயமில்லை என்பதும் தவறான எண்ணமே. தொடையின் வழியே பெருநாடி ஒன்று ஓடுகிறது. அது அறுபடுமாயின், தக்க சிகிச்சை இல்லாதபோது சில நிமிஷங்களில் இரத்தம் வடிந்து உயிர் நீங்கும். முழங்காலுக்குக் கீழே வைத்த குறி ஒரு சாண் மேலேறினால் தொடை. மேலும் ஒரு சாண் ஏறினால் அடிவயிறு. குண்டூசிப் பருமன் என்று மேலே கூறினோமே, அப்பிழைகள் இரண்டு மூன்று சேர்ந்தால் இவ்வளவும் ஆகிவிடும். இக்காரணம் பற்றியே அமெரிக்க நாட்டுக் காவலர்க்குக் காலை நோக்கிச் சுடக் கற்பிப்பதில்லை. உயிர்க்கு ஆபத்து நேர்ந்தாலொழியச் சுடலாகாது, சுட நேர்ந்தால் உடலின் நடுவை நோக்குக என்பது அவர்கள் முறை. ஐரோப்பாவில் ஜெர்மனி முதலிய சில நாடுகளில் காலை நோக்கிச் சுடுதலும் உண்டு. எம்முறையைக் கைக்கொள்வது என்பது அரசினர் தீர்மானிக்க வேண்டிய விஷயம். ஆனால், ஒரு முறையின் பேரைச் சொல்லிக்கொண்டு அதற்குரிய பயிற்சியும் தூர வரையறையும் இன்றி நடப்பது எந்நாட்டு முறையும் அன்று.

இதற்கு ஓர் ஆக்ஷேபம் உண்டு, அது நியாயமானதும்கூட. போலீஸ் உத்தியோகத்திலுள்ள என் பழைய சகமாணவர் ஒருவர், "அரிவாளை ஓங்கிக்கொண்டு ஆறடியில் ஒருவன் வரும்போது, நீர் மில்லிமீட்டர் கணக்குப் பார்ப்பீரோ?" என்று கேட்டார். பாரேன். ஆறடியில் ஒரு மில்லிமீட்டர்ப் பிழை ஒரு சென்டிமீட்டர்ப் பிழையே ஆகும். அங்கே தூரம் காவலர்க்குத் துணை. தம்மைக் காத்துக்கொள்ள எவர்க்கும் உரிமை உண்டு. யான் பேசுவது, முதுகு காட்டி ஓடுகின்றவனைப் பற்றி. அவனிடத்தில் ஒவ்வோரடியும் பிழையைப் பெருக்கிக்கொண்டே போகிறது. அவனால் வரும் அபாயமோ ஒவ்வோரடியும் குறைந்துகொண்டே போகிறது. கைது செய்வதற்கு வேண்டிய எவ்வழியையும் கையாளலாம் என்று கூறும் சட்டமே, மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாதவனுக்கு மரணம் விளைவிக்க அது உரிமை தாராது என்றும் கூறுகிறது. பழைய சட்டத்தின் 46-ஆம் பிரிவில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தின் 43-ஆம் பிரிவிலும் அவ்வாறே உள்ளது. காலைக் குறிவைத்தேன், முதுகிலே தைத்தது என்பவரை அச்சட்டத்தின்முன் காப்பாற்றக்கூடியது யாது? தூரத்தை அறிந்து விசையினின்று விரலை எடுத்துவிடும் பழக்கம் ஒன்றே. அப்பழக்கம், தாளைப் பத்து மீட்டரில் ஒருமுறையும், இருபத்தைந்தில் ஒருமுறையும், ஐம்பதில் ஒருமுறையும் வைத்துத் தம் ரவைகள் சிதறும் அழகைத் தாமே கண்டாலன்றி எவர்க்கும் வாராது. எனக்கு வந்தது, தாளில் இல்லாத அந்த ஐந்தாம் துளையால்.

நம் கலாசாலையிற் பயின்றோர் பலர் காவல் துறையிலும் நீதி மன்றங்களிலும் பத்திரிகாலயங்களிலும் இருக்கின்றனர். பத்திரிகையிலிருப்போர், காலில் சுட்ட செய்தி வந்தால், "எத்தனை மீட்டரில்?" என்று ஒரு வார்த்தை கேட்டு, விடையையும் அச்சிட்டாற் போதும். விடை கிடையாவிடின், கிடைக்கவில்லை என்பதையே அச்சிடுக. போலீஸாரின் துப்பாக்கிப் பிரயோகத்தில் மரணம் நேர்ந்தால், வேறு நிலையத்தாரோ குற்றப் புலனாய்வுத் துறையினரோ தனியே புலன்விசாரணை செய்யவும், மாஜிஸ்திரேட் விசாரணை நடக்கவும், துப்பாக்கியைச் சோதனைக்கு ஒப்படைக்கவும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பர் 23-இல் விதித்தது. அவ்விசாரணை நடத்துவோர்க்குத் தூரத்தை அறியும் வழியும் உண்டு. துப்பாக்கி முனை உடலைத் தொட்டுக்கொண்டோ மிக அருகிலோ இருந்தால் தோல் கருகும், புகைக்கரி படியும்; சிறிது விலகியிருந்தால் எரியாத மருந்துத் துகள்கள் பச்சை குத்தியதுபோல் தோலில் தெறித்திருக்கும்; சில அடிக்கு அப்பாற் சென்றால் இவை ஒன்றும் இரா, வெறும் துளையே இருக்கும். சில அடி என்றால் எத்தனை என்பதை, அதே துப்பாக்கியையும் அதே வகைத் தோட்டாவையும் கொண்டு வெள்ளைத் துணிமேற் சுட்டுப் பார்த்தே நிபுணர் சொல்வர்.

ஆனால் அத்துளை பதினைந்தடியில் ஆனதோ நூற்றைம்பதடியில் ஆனதோ என்பதைத் தோல் சொல்லாது. அதனை நிலமே சொல்ல வேண்டும்: வெற்றுத் தோட்டா தெறித்து வீழ்ந்த இடமும், காலடியும், இரத்தம் சிந்திய இடமும். எங்கள் சீமைப் புழுதியில் ஒரு மாலைக் காற்றடித்தால் காலடி இராது. ஒரு மழை பெய்தால் இரத்தமும் இராது. அளவு நாடாவைப் பிடிப்பதாயின் அன்றைக்கே, வெளிச்சம் இருக்கும்போதே, இரு தரப்பாரும் காணப் பிடித்தல் வேண்டும்.